இருபத்திரண்டு என்று எழுதியிருந்த சிலிண்டர்கள்

1

இந்த வாரம் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரைச் சுங்கத்துறையினர் நிறுத்திவைத்தார்கள். நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடம் ராட்டர்டாம் துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. கப்பலில் வரும் கேஸ் சிலிண்டர்களில் வெளியே எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. பெரும்பாலும் ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அடைக்கிற கேஸ்கள். இந்த முறை வெளியே ஒரு பெயர் இருந்தது. உள்ளே இருந்தது இருபத்திரண்டாம் நம்பர் கேஸ்.

பல வருஷங்கள் உலகம் முழுக்க ஏசிகளில் ஓடிய கேஸ் அது. கசிந்து மேலே போனால், வெயிலின் கெட்ட கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று தெரிந்த பிறகு, நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி வருகின்றன. வசதியான நாடுகள் முதலில், நம்மைப் போன்ற நாடுகள் பிறகு. இங்கே ஐரோப்பாவில் அதை விற்க முடியாது, பழைய மெஷினில் அடைக்கவும் முடியாது. இந்தியாவில் இன்னும் உண்டு. ஆனால் அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கேஸ் குறைகிற வேகத்தில் பழைய மெஷின்கள் குறைவதில்லை. கள்ளச் சரக்கு நுழைவது அந்த இடைவெளியில்தான்.

ரிப்போர்ட் எழுதி முடித்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டச்சுக்காரர் காபியோடு வந்து நின்றார். "உங்கள் தம்பியும் இந்தத் தொழிலில்தானே இருக்கிறார்? அங்கே நிலைமை எப்படியாம்?" என்று கேட்டார். நான்தான் என்றைக்கோ சொல்லியிருக்கிறேன். "என் தம்பி இந்தியாவில் ஏசி மெக்கானிக்." வினைச்சொல்லை இறந்தகாலத்தில் போட்டிருக்க வேண்டும். வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் டச்சில் எனக்குக் காலம் குழம்பும். ஆனால் அன்று குழம்பியது மொழியில்லை.

"பரவாயில்லை, ஓடுகிறது" என்றேன். செந்தில் இறந்து இந்தச் சனிக்கிழமையோடு ஒரு வருஷம்.

2

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் வளர்ந்தவர்கள். எனக்கு நான்கு வயது இளையவன் செந்தில். நான் வேதியியல் படித்தேன். அவன் ஐடிஐயில் சேர்ந்து குளிர்சாதன வேலை படித்தான். எனக்குக் கல்யாணமாகி நான் ஹாலந்து வந்த வருஷம் அவன் பாலக்கரையில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை போட்டான். அப்போது வண்டி கிடையாது. சைக்கிள் கேரியரில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டுவான். எதிர்காற்றில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். பின்னால் வருகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போடுவான்.

என் புருஷனும் நானும் பிரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணியவன் அவன் ஒருவன்தான். என்ன பேசுவோம்? ரெண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கேஸ்தான்.

"அக்கா, உங்க ஊர்ல இருபத்திரண்டு கிடைக்குமா?"

"இங்க அதை வச்சிருந்தாலே ஃபைன் போடுவாங்கடா."

"அப்ப பழைய மெஷினெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"கழட்டிப் போட்டுட்டு புதுசு வாங்கிருப்பாங்க."

அவன் சிரித்தான். "லால்குடி வாழைக்கா மண்டிக்காரர்கிட்ட இதைச் சொல்லட்டுமா? மெஷினை மாத்துங்கன்னாலே என்னைத்தான் மாத்திருவாரு."

லால்குடியில் வாழைத்தார்களைப் பழுக்கவைக்கும் குளிர் அறைகள் சிலவற்றை அவன்தான் பார்த்துக்கொண்டான். எல்லாம் பழைய மெஷின்கள். சில வாரங்களுக்கு முன்னால் அவனே கேஸ் அடைத்திருந்த ஒன்று சரியாகக் குளிரவில்லை என்று கூப்பிட்டார்கள். போனான்.

எனக்குச் செய்தி சொன்னது அவன் மனைவி கவிதா. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். "அண்ணி, அவரு போயிட்டாரு அண்ணி" என்று மட்டும் சொன்னாள். பிறகு போனை அவனோடு வேலைக்குப் போயிருந்த சேவியர் வாங்கினார். அவர் கையும் வெந்துபோயிருந்தது.

"நெருப்பே இல்லக்கா அங்க. வெல்டிங் செட்டைக்கூட வண்டியிலேருந்து இறக்கல. மெஷின்ல இருந்த கேஸை வெளிய விட்டுட்டு செந்திலு பைப்பைக் கழட்டுச்சு. வெள்ளையா ஒரு புகை வந்துச்சு. அப்புறம் குப்புன்னு தானாவே புடிச்சு, கம்ப்ரசர் வெடிச்சிருச்சு. எப்படிக்கா? இருபத்திரண்டு எரியாதுல்லக்கா?"

எரியாதுதான். இருபத்திரண்டில் வேறு ஒன்றைக் கலந்திருந்தால்தான் அப்படி நடக்கும். மெத்தில் குளோரைடு என்று ஒரு மலிவான கேஸ். அது மெஷினுக்குள் இருக்கும் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்ட மாத்திரத்தில் தானே தீப்பிடிக்கிற ஒரு பொருளாக மாறும். நாங்கள் பாடமாகவே படித்த விஷயம். சேவியர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கேன்டீனில் எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் தம்பி எதனால் செத்தான் என்பது அந்த நிமிஷம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது.

3

லீவு கேட்டேன். அலுவலகத்தில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, இறந்தவர் உங்கள் உடன்பிறந்தவர் என்பதற்கு ஏதாவது சான்று இருக்கிறதா என்று கேட்டாள். என் பெயருக்குப் பின்னால் என்னை விட்டுப் போனவரின் பெயர் இன்னும் தொங்குகிறது. செந்திலின் ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து மட்டும்.

"உங்கள் குடும்பப் பெயர் எது?"

"எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது."

"அப்படியென்றால் நீங்கள் ஒரே குடும்பம் என்று எப்படித் தெரியும்?"

என் மேலாளர் இங்க்ரிட் உள்ளே வந்து, "அவள் போகட்டும், தாள் பிறகு வரும்" என்று சொல்லி முடித்துவைத்தாள். நான் கிளம்பும்போது, கைப்பெட்டி அளவுள்ள சோதனைக் கருவி ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். கேட்டேன், கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

என் மகள் அனு வடக்கே க்ரோனிங்கன் நகரில் படிக்கிறாள். அவளுக்குப் போன் செய்தேன். இங்கே இரங்கல் சொல்ல ஒரு சொல் இருக்கிறது, தபால்காரர் இறந்தாலும் அமைச்சர் இறந்தாலும் அதே சொல்தான். அதைச் சொன்னாள். பிறகு, "நான் வரணுமாம்மா?" என்றாள். பரீட்சை நேரம். மாமாவை மூன்று விடுமுறைகளில் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்றேன். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவளைக் குறை சொல்லவில்லை. சொந்தம் என்பது பக்கத்தில் இருந்து பழகினால்தானே வரும்.

கொழும்பு வழியாகத் திருச்சியில் இறங்கினேன். ஓயாமரி சுடுகாட்டில் எல்லாம் முடிந்து மறுநாள் ஆகியிருந்தது. விமான நிலையத்தில் கருவியைப் பார்த்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"என்னங்க மேடம் இது?"

"கேஸ் டெஸ்ட் பண்ற மெஷின்."

"எந்த கேஸு? சமையல் கேஸா?"

"ஏசி கேஸ்ங்க."

"விக்கக் கொண்டு வந்தீங்களா? டூட்டி கட்டணுமே."

"இல்லங்க. திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன். என் தம்பி செத்துட்டான். எதனாலன்னு பாக்கணும்."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பெட்டியை அவரே மூடி ஜிப்பை இழுத்துவிட்டார். "போயிட்டு வாங்க" என்றார்.

4

வீட்டில் செந்திலின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்ததால் யாரோ அதட்டியதைப் போல முழித்துக்கொண்டிருந்தான். கவிதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அந்த பாய் குடுத்த சிலிண்டருதான் அண்ணி."

கரீம் பாயை எனக்கும் தெரியும். பாலக்கரையில் ஏசி சாமான்களும் கேஸும் விற்கிறவர். செந்தில் கடை போட்ட நாளிலிருந்து அவரிடம்தான் வாங்கினான். கடை திறப்புக்கு மாலையும் ஜாங்கிரியும் கொண்டுவந்தவர். துக்கத்துக்கு வந்தவரைக் கவிதாவின் அண்ணன்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை நான் அவர் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வாம்மா. உன் தம்பிய கொன்னவன்னு ஊரே சொல்லுது. நீயும் சொல்லிட்டுப் போ. கேட்டுக்கிறேன்."

"பாய், அந்தச் சரக்கு எங்க வாங்குனீங்க?"

"மெட்ராஸ்ல ஒருத்தன். புது ஆளு. வழக்கமா தர்ற கம்பெனி கோட்டா குறைஞ்சிருச்சுன்னு பாதிதான் அனுப்பிச்சான். கல்யாண சீசன் நேரம், பசங்க எல்லாம் கேஸு கேஸுன்னு நிக்கிறானுங்க. இவன் சரக்கு இருக்குன்னான். சீலு, ஸ்டிக்கரு எல்லாம் கரெக்டா இருந்துச்சும்மா. அல்லா மேல ஆணை."

பின்னாலிருந்த முற்றத்தில் அந்தச் சரக்கில் மிச்சம் சில சிலிண்டர்கள் இருந்தன. கையுறை போட்டுக்கொண்டு, ஒன்றில் மெல்லிய குழாயைச் செருகி, கருவியை ஓடவிட்டேன். சுத்தமான கேஸாக இருந்தால் திரையில் இருபத்திரண்டு என்று மட்டும் வரும். இதில் அது பாதிகூட இல்லை. வேறு ஏதேதோ. கணிசமான ஒரு பங்குக்கு நேராக 'தெரியாதது' என்று காட்டியது. எல்லா சிலிண்டர்களிலும் அதே. அந்தத் தெரியாதது என்னவென்று பிறகு சென்னை ஆய்வகம் எழுத்தில் சொன்னது. எனக்கு அப்போதே தெரியும்.

பாய் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "மவுத்தை வித்திருக்கேம்மா. சாவை வித்திருக்கேன்" என்றார்.

"பாய், இதுல இன்னும் யார் யாருக்குப் போச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "துறையூரு" என்றார். "லால்குடில இன்னொருத்தரு. மலைக்கோட்டையில நகைக்கடை ஏசி பாக்குற பையன். உங்க ஸ்ரீரங்கத்துலயே ஒரு லாட்ஜு."

5

வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது கவிதா தெருவுக்கே வந்துவிட்டாள். பாயின் பழைய ஆம்னி வேன் முனையில் நின்றது.

"அந்த ஆளு வண்டியில ஏறப் போறீங்களா அண்ணி?"

"மத்தவங்ககிட்ட இருக்கறத வாங்கணும் கவிதா. இல்லன்னா அங்கயும் வெடிக்கும்."

"வெடிக்கட்டும்" என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே திரும்பி உள்ளே போனாள். இரண்டு மனதாக நின்றுவிட்டு, வண்டியில் ஏறினேன்.

ஸ்ரீரங்கத்து லாட்ஜில் சிலிண்டர் பிரிக்காமலே இருந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே சின்னக் கடைவீதி நெரிசலில் வண்டி போகாது. பாய் நடந்தே போய்த் தோளில் வைத்துச் சுமந்து வந்தார். அறுபதைத் தாண்டிய மனுஷர். வழியில் அவரைத் தெரிந்தவர்கள் சலாம் சொன்னார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. லால்குடியில் இருந்தவரிடமும் வாங்கியாயிற்று. துறையூர் மெக்கானிக் மட்டும் போனை எடுக்கவே இல்லை.

மண்ணச்சநல்லூர் தாண்டிப் போகும்போது பாய் தானாகவே, "செந்திலு என் கடையில வந்து உக்காந்தா, முதல்ல உன் கதைதாம்மா பேசும்" என்றார். "எங்கக்கா கப்பல்ல வர்ற கேஸையே புடிச்சு நிறுத்துதுன்னு." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வயல்களில் வாழை நின்றது. இருபது வருஷமாக என்னைப் பற்றி யாரோ எங்கேயோ பெருமையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை.

துறையூர் மெக்கானிக்கின் பெயர் பாலமுருகன். முப்பது வயதுக்குள் இருக்கும். வீட்டில் விசாரித்தபோது கல்யாண மண்டபத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மண்டபத்தில் மறுநாள் கல்யாணம். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடியில் ஏசியின் வெளி மெஷின் முன்னால் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்பானர்.

"தம்பி, அதைத் திறக்காதீங்க!"

நான் கத்திய கத்தலில் கீழே பந்தல்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் எரிச்சலோடு திரும்பினான்.

"யாருங்க நீங்க? கேஸு அடைச்சு மூணு வாரம் ஆவுது, கூலிங்கே வரல. நாளைக்கு முகூர்த்தம். திறந்து பாக்காம என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அடைச்சது போலி கேஸ். திறந்தா தீப்பிடிக்கும்."

"இருபத்திரண்டு எப்படிங்க தீப்பிடிக்கும்? நான் பத்து வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்."

"என் தம்பி இருபது வருஷமா இருந்தான். போன வாரம் இப்படித்தான் ஒரு பைப்பைக் கழட்டினான்."

நான் போய் அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடித்துக்கொண்டேன். அவன் பிடுங்கவும் இல்லை, விடவும் இல்லை. படியேறி வந்து மூச்சு வாங்க நின்ற பாய்தான் சொன்னார்: "பாலா, லால்குடில செத்த செந்திலு விஷயம் கேள்விப்பட்டியா? அவன் அக்காடா இது." பாலமுருகனின் விரல்கள் தளர்ந்தன.

மெஷினுக்குப் போகும் கரன்ட்டை நிரந்தரமாகத் துண்டித்தோம். யாரும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டினோம். கல்யாணப் பெண்ணின் அப்பா மாடிக்கு வந்து சத்தம் போட்டார். ஏசி மண்டபம் என்று சொல்லித்தான் பத்திரிகை அடித்திருக்கிறதாம், மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வதாம். பாய் அவர் எதிரில் கைகட்டி நின்று எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். பெடஸ்டல் ஃபேன்களுக்கு ஏற்பாடு செய்து தருகிறேன் என்றார். செய்தும் தந்தார்.

6

சேர்த்த சிலிண்டர்களை எங்கே கொடுப்பது என்பதில்தான் என் லீவின் மிச்சம் போயிற்று. ஓர் அலுவலகத்தில், வெடித்ததா இல்லையா என்றார்கள். வெடிக்கவில்லை என்றால் தங்களிடம் வரவேண்டாமாம். இன்னொன்றில், இது காற்று மாசு சம்பந்தப்பட்டதா தீ சம்பந்தப்பட்டதா என்றார்கள். ஓசோன் என்று சொன்னேன். "அது மேல இருக்கறதுங்க, எங்க லிமிட்ல வராது" என்றார் ஒருவர், கிண்டலாக இல்லை, நிஜமாகவே. கடைசியில் ஒரு பெண் அதிகாரி என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். சரக்கை முறையாக ஒப்படைக்கவும், துறையூர் மெஷினையும் சேர்த்து எடுத்துப்போகச் சென்னையிலிருந்து ஆட்களை வரவழைக்கவும் வழிசெய்தார்.

பாய் வாக்குமூலம் கொடுத்தார். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, விற்றது நான்தான் என்று ஆரம்பித்தார். கேஸ் விற்கும் உரிமையை நிறுத்திவைத்தார்கள். சென்னை ஆள் கொடுத்திருந்த முகவரியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அவனை இன்னும் பிடிக்கவில்லை. போலீஸ் ஃபைலில் செந்திலின் கவனக்குறைவு என்று எழுதியிருந்த வரி மட்டும் மாறியது. ஆய்வக முடிவைக் கவிதாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப அவரு மேல தப்பில்ல" என்றாள். "இல்ல" என்றேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளே வந்து உட்கார்ந்தாள்.

பாயைப் பற்றி மட்டும் கடைசிவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசச் சொல்லவில்லை.

திரும்பி வந்து கருவியை இங்க்ரிட்டிடம் ஒப்படைத்தேன். அதற்கப்புறம் ஒரு வருஷம், வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த அந்தப் போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் வரைக்கும் எங்கேயும் வெளியே போகாமல் இருந்து பழகிவிட்ட உடம்பு. இன்னும் அப்படியே வீட்டில் இருக்கிறேன்.

7

நேற்று சனிக்கிழமை திதி. அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து கவிதா வீடியோ கால் போட்டாள். காவிரியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. செந்திலுக்குப் பிள்ளை இல்லாததால் கவிதாவின் அண்ணன் பையன் எள்ளும் தண்ணீரும் விட்டான். பிறகு சிக்னல் விட்டுப்போய்விட்டது. எனக்கு அப்போது காலை. ஜன்னலுக்கு வெளியே ஒரே சாம்பல் நிறம், மழையா பனியா என்று தெரியாத ஒன்று பெய்துகொண்டிருந்தது. வாழைக்காய் வறுத்து, பருப்பு வைத்து, சோறு வடித்தேன். இலை கிடைக்கவில்லை, தட்டில்தான் வைத்தேன்.

அங்கே எல்லோரும் சாப்பிட்டு முடிந்த நேரத்தில் கவிதா மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணி, துறையூர்லேருந்து ஒருத்தரு வந்திருந்தாரு. பாலமுருகனாம். பொண்டாட்டியும் கைக்குழந்தையுமா. யாருன்னே தெரியல எனக்கு. உங்க நாத்தனாரு அன்னைக்கு வரலன்னா இந்தக் குழந்தை என்னைப் பாத்திருக்காதுன்னு சொல்லி அழுவுறாரு."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"உக்காரவச்சு இலை போட்டேன் அண்ணி. நல்லா சாப்பிட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வாசல்ல கரீம் பாய் நின்னுட்டிருந்தாரு. உள்ள வரல. போகவும் இல்ல. கூப்பிட எனக்கு மனசு வரல அண்ணி. தண்ணி மட்டும் குடுத்தனுப்பிச்சேன். குடிச்சாரு."

"சரி கவிதா."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"தனியாவா இருக்கீங்க இன்னைக்கு?"

"இல்ல. அனு வந்திருக்கா."

"அப்படியா! அவகிட்ட குடுங்க அண்ணி, பேசி எவ்வளவு நாளாச்சு."

"குளிச்சிட்டிருக்கா" என்றேன்.

"சரி, வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க."

"சொல்றேன்."

போனை வைத்துவிட்டுக் குளியலறைப் பக்கம் பார்த்தேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே விளக்குகூட எரியவில்லை.